அமுக்கமும் அறமும்
இல்லத்தில் ஆக்கும் மது பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தன் கையாலே தன் இல்லத்தில் ஆக்கிக்கொள்ளும் பொருள்களுட் பெரும்பாலானவை பற்றி அறவியல் எவ்வித வினாவும் எழுப்புவதில்லை. தயிருக்கு உறையூற்றுபவளையும் தோசைமாவைப் புளிக்க வைப்பவளையும் எவரும் விசாரிப்பதில்லை. ஆனால் அதே நொதித்தல் சற்று வேறொரு பாதையிற் சென்று மதுவாக முடியும்போது சட்டம் குறுக்கிடுகின்றது, சமயம் குறுக்கிடுகின்றது, அயலாரின் நாவும் குறுக்கிடுகின்றது. ஒருவன் விற்பனைக்கன்றித் தன் பயன்பாட்டுக்கெனத் தன் வீட்டிலே பியர் ஆக்கி, அதனைப் பீப்பாவில் அடைத்து வைப்பானாயின், அது தவறாகுமா? தவறெனின் அத்தவறு எங்கே உறைகின்றது? பொருளிலா, செயலிலா, செய்வோன் உளப்பாங்கிலா, அல்லது அதனைத் தடுக்கும் சட்டத்திலா? மேலோட்டமாக நோக்குவார்க்குச் சிறிதெனத் தோன்றும் இவ்வினா, மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பின்னணியில் வைத்து ஆராயப்படும்போது தனிமனித சுதந்திரம், கடமை, சமூகநீதி ஆகிய மூன்றையும் ஒருங்கே தொடுகின்றது.

முதலிற் செயலின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். முளைத்த வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றைப் பிரித்து, ஹொப்ஸ் என்னும் கைப்பான பூவுடன் கொதிக்க வைத்து ஆற்றி, மதுவம் சேர்த்தால், மதுவம் வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கின்றது. இது உயிருள்ள நுண்ணங்கிகளின் தொழில் என்பதை 1857இல் லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். அதற்கு முன்னரே, பொங்கியெழும் இவ்வாயு அறிஞர் கவனத்தை ஈர்த்திருந்தது. 1767 அளவில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே மதுவடிசாலையொன்றின் அயலில் வாழ்ந்த ஜோசப் பிறீஸ்ற்லி, நொதிக்கும் தொட்டியின் மேற்பரப்பில் நின்ற வாயுவை நீரிற் கரைத்து, இன்று சோடா எனப்படும் பானத்துக்கு வழி வகுத்தார். ஒரு திரவத்திற் கரையும் வாயுவின் அளவு, அத்திரவத்தின் மேலுள்ள அவ்வாயுவின் அமுக்கத்துக்கு நேர்விகிதமானது என்ற விதியை 1803இல் வில்லியம் ஹென்றி வகுத்தார். பீப்பாவில் அடைக்கும் கலை முழுவதும் இவ்விதியின் மீதே நிற்கின்றது.

முதன்முறையாக ஒருவன் தான் ஆக்கிய பியரைப் பீப்பாவில் அடைக்கும்போது அவனுக்கு இரண்டு வழிகள் உள. ஒன்று, நொதித்தல் முடிந்தபின் சிறிது சீனி சேர்த்து அடைத்து, எஞ்சியுள்ள மதுவமே வாயுவை உண்டாக்குமாறு விடுதல். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 4 கிராம் சீனி, அந்தத் திரவத்தின் கனவளவுக்கு ஈடான வாயுவைத் தரும். மற்றையது, பீப்பாவைக் குளிரில் வைத்து, உருளையிலிருந்து காபனீரொட்சைட்டை அமுக்கத்துடன் செலுத்துதல். ஏறத்தாழ 4 பாகை செல்சியசிலே, சதுர அங்குலத்துக்கு 12 இறாத்தல் அமுக்கத்தில், ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால், பியரின் கனவளவைப் போல இரண்டரை மடங்கு வாயு அதிற் கரையும். இரு வழிகளிலும் இடர் ஒன்றே, அஃது அவசரம். நொதித்தல் முடியுமுன் அடைத்தால் எஞ்சிய வெல்லம் உள்ளே தொடர்ந்து வாயுவாக மாறிப் போத்தலை வெடிக்கச் செய்யும். காத்திருக்க மனமின்றி அமுக்கத்தைக் கூட்டிப் பீப்பாவைக் குலுக்கினால், திறக்கும்போது நுரையன்றி வேறொன்றும் கிடைப்பது அரிது.

இவை மேலைநாட்டார் கண்டுபிடித்துத் தமிழர்க்குத் தந்த புதுமைகள் என எண்ணுதல் பொருந்தாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் களியை அகன்ற வாயையுடைய கலத்தில் ஆற்றி, முளையைச் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வாய் வலிய சாடியில் மது விளைவிக்கும் முறையைப் படிப்படியாக விவரிக்கின்றது. வீட்டிலே ஆக்கும் நெற்கள்ளுக்குத் தோப்பி என்னும் பெயரும் அந்நூலிலே வழங்குகின்றது. திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் குறிஞ்சி நிலத்தார் மூங்கிற் குழாயில் விளைவித்த தேறலைக் குறிப்பிடுகின்றன. மூங்கிற் கணுக்களுக்கிடையே அடைபட்டு முதிர்ந்த அந்தத் தேறல், பீப்பாவில் அடைத்த மதுவின் முன்னோடி எனலாம். ஆக, இல்லத்தில் மது ஆக்கல் தமிழர் வாழ்வுக்கு அந்நியமானதன்று. குறிப்பாக, மலைவாழ்வுக்கு அந்நியமானதன்று.

ஈண்டு மலையகத்தின் வரலாற்றை நோக்குதல் தகும். 1848இல் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவிலே ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை அமைக்க முனைந்து, குடியேறுவோரையும் கால்நடைகளையும் கருவிகளையும் கப்பலில் வரவழைத்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரின் குளிரும் அருவிநீரும் பியருக்கு ஏற்றவையாய் அமைந்தன. 1849இல் அவர் அங்கு தொடங்கிய சிறு குடிசைத்தொழிலே பின்னர் 1881இல் நிறுவப்பெற்ற வடிசாலைக்கு முன்னோடி என்பர். அவ்வடிசாலை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நுவரெலியாவில் இயங்கி, 1990களின் பிற்பகுதியிற் பியகமைக்கு இடம்பெயர்ந்தது. ஆக, இலங்கையின் பியர்த்தொழில், வெள்ளையர் ஒருவர் தமக்கும் தம்மையொத்த தோட்டத்துரைமார்க்கும் வேண்டுமென்று சிறிய அளவிற் செய்துகொண்ட முயற்சியிலே வேர்கொண்டது. அதனை வரலாறு துணிவு என்று போற்றுகின்றது.

அதே மலைகளில், அதே காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் கோப்பிக் காடுகளிலும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். அவர்களுள் ஒருவன் தன் லயத்தின் பின்புறத்திலே சீனியையும் மதுவத்தையும் பானையில் இட்டு நொதிக்கவைத்தால் அது குற்றமாகும். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குதலைத் தடுத்தது. அச்சட்டம் தொழிலாளியைக் குடியிலிருந்து காப்பதற்கென மட்டும் எழுந்ததன்று. அரசின் வருவாயைக் காப்பதும் அதன் நோக்கமாகும். வீட்டில் ஆக்குவது தடைப்பட்ட அதே வேளையிலே தவறணைகள் அனுமதியுடன் திறந்திருந்தன. அவற்றின் பெருக்கத்தை எதிர்த்தே 1912இல் எப். ஆர். சேனநாயக்க முதலியோர் முன்னின்ற மதுவொழிப்பு இயக்கம் இந்நாட்டில் வலுப்பெற்றது. குடித்தல் தவறெனச் சட்டம் கருதியிருப்பின் தவறணையை மூடியிருக்க வேண்டும். அவ்வாறன்றி, வரி செலுத்தாமற் குடித்தலே தவறென அது கருதியது.

இவ்விடத்தில் அறவியலார் கூறும் ஒரு வேறுபாடு பயன்படும். கொலை போல இயல்பிலேயே தீயனவாகிய செயல்கள் ஒருவகை. சட்டம் தடுத்தமையால் மட்டும் தவறாகும் செயல்கள் பிறிதொருவகை. வீட்டிற் பியர் ஆக்கல் இரண்டாவது வகையைச் சார்ந்தது என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. பிரித்தானியாவில் 1880 முதல் இதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1963இல் அத்தேவை நீக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1978இல் சனாதிபதி காட்டர் கையொப்பமிட்ட சட்டம், தன் பயன்பாட்டுக்கென வீட்டிற் பியர் ஆக்குவோர்க்கு வரிவிலக்கு அளித்தது; ஆயினும் மிசிசிப்பி, அலபாமா ஆகிய மாநிலங்கள் 2013 வரை தடையை நீக்கவில்லை. எல்லைக்கோட்டின் ஒரு புறம் குற்றமாகவும் மறுபுறம் பொழுதுபோக்காகவும் இருந்த செயலின் தன்மை, அக்கோட்டைக் கடக்கும்போது மாறிவிட்டதெனக் கூறமுடியாது. மாறியது சட்டமே.

எனவே, பிறர்க்குத் தீங்கிழைக்காத செயலில் அரசு தலையிடலாகாது என்ற முடிவுக்கு ஒருவர் விரைந்து வரக்கூடும். 1859இல் வெளிவந்த தம் சுதந்திரம் பற்றிய நூலிலே ஜோன் ஸ்ருவேட் மில் இக்கோட்பாட்டை நிறுவினார். குடிப்பதற்குரிய இடங்களை வேண்டுமென்றே அரிதாக்குதல், உழைக்கும் வகுப்பாரைச் சிறுபிள்ளைகளாக நடத்துவதாகும் என்பது அவர் கருத்து. மலையகத் தொழிலாளி பற்றிப் பேசிய துரைமாரின் நாவிலும், பின்னாளிற் கற்றோர் சிலரின் நாவிலும் இத்தகைய தொனி கேட்டதுண்டு. துரையின் பங்களாவில் மாலைநேரத்து மது ஓய்வெனப்பட்டது. லயத்தில் அதுவே ஒழுக்கக்கேடு எனப்பட்டது. இந்த இரட்டை அளவுகோலை மில்லின் வாதம் நேராகத் தாக்குகின்றது.

ஆனால் மில்லின் வாதம் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. குடும்பப் பொறுப்பை ஏற்ற ஒருவன் குடியினால் அக்குடும்பத்தைக் காக்க முடியாதவனாயின், அவன் கண்டிக்கப்படவும் தண்டிக்கப்படவும் தக்கவன் என்று அவரே கூறுகின்றார். குடித்தமைக்காகவன்று, கடமை தவறியமைக்காக. இக்கூற்றை லயத்திற் பொருத்திப் பார்க்கும்போது வாதத்தின் நிறம் மாறுகின்றது. தனக்கென்று ஓர் அறையும், பூட்டும் கதவும், சம்பளத்தில் மிச்சமும் உடையவனுக்கே 'தன்னை மட்டும் பாதிக்கும் செயல்' என்றொன்று உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலே கட்டப்பட்ட பழைய லயக் காம்பராவில், முழுக் குடும்பமும் ஒருங்கே உண்டு உறங்கும் இடத்தில், தன்னை மட்டும் பாதிக்கும் செயல் யாது? தந்தையின் குடி தாயின் உறக்கத்தையும் பிள்ளையின் பாடத்தையும் பக்கத்துக் காம்பராவின் அமைதியையும் பாதிக்கின்றது. காலை பெரட்டுக்கு முன் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பே பல குடும்பங்களின் முதன்மை வருவாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இலேயே தோட்டங்களில் வந்தது. அதற்குப் பின்னரும் பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ கையேற்கும் வழக்கம் பல இடங்களில் நீடித்தது. அச்சம்பளம் தவறணைக்குப் போயின், அங்கே குடிப்பவன் தன் சுதந்திரத்தைச் செலவிடவில்லை. இன்னொருத்தியின் உழைப்பைச் செலவிடுகின்றான்.

இங்கே திருவள்ளுவரின் வைப்புமுறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. புலால் மறுத்தலையும் கள்ளாமையையும் அறத்துப்பாலில் வைத்த அவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார்; அதனை அடுத்துச் சூதினையும், அதனை அடுத்து மருந்தினையும் வைத்தார். அவ்வதிகாரத்திலே அவர் காட்டுவன, ஈன்றவளின் முகமும், ஊராரின் நகைப்பும், பணம் கொடுத்துத் தன்னுணர்விழப்பை வாங்குவோனின் பேதைமையுமாம். கள்ளினை ஆன்மாவின் மாசாக மட்டும் அவர் கண்டிருப்பின் துறவறத்திற் கூறியிருப்பார். வீட்டின் செல்வம், நாட்டின் செல்வம், மானம் ஆகியவற்றோடு பிணைந்த பொதுவாழ்வுப் பிரச்சினையாகவே அதனைக் கண்டார் என்று கொள்ளுதல் பொருந்தும். வள்ளுவர் வழியில் நோக்குவார் 'குடிக்கலாமா' என்பதோடு நில்லாது, 'இதற்கு விலை கொடுப்பவர் யார்' என்றும் வினவுவர்.

இனி, பொறுப்புப் பற்றிய வினா எழுகின்றது. குடிவெறியிற் குற்றம் புரிந்தவனுக்கு இருமடங்கு தண்டனை விதித்த பிற்றாக்கஸ் என்னும் கிரேக்கனின் சட்டத்தை அரிஸ்ரோட்டில் எடுத்துக்கூறுவார். குடிக்காதிருக்கும் ஆற்றல் அவனிடம் இருந்தது. ஆகவே செயலின் தொடக்கம் அவன் கையிலேயே இருந்தது என்பது அவர் கூறும் நியாயம். இந்நியாயம் வலிமையானது, மனிதனை மனிதனாக மதிக்கும் நியாயமும் அதுவே. எனினும் தொடக்கம் எவ்வளவுக்கு அவன் கையில் இருந்தது என்பதையும் அளக்க வேண்டாவா?

இதற்குப் பீப்பாவின் அமுக்கமானியே ஓர் ஒப்புமை தருகின்றது. அமுக்கமானி காட்டுவது பீப்பாவின் உள்ளமுக்கம் முழுவதையுமன்று. உள்ளமுக்கத்துக்கும் வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டையே. கடற்கரையில் எழுதப்பட்ட கைநூல் 12 இறாத்தல் என்று கூறும். நுவரெலியாவிலோ வளியமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே அதே அளவு வாயு கரைய வேண்டுமாயின், மானியில் 3 இறாத்தல் அளவு கூட்டி வைத்தல் வேண்டும். கைநூலின் எண்ணை அப்படியே மலையிற் பின்பற்றுபவன், விதி பிழையென்று நினைப்பான். அல்லது தன் பியர் பிழையென்று நினைப்பான். உண்மையில் விதியும் பிழையன்று, பியரும் பிழையன்று. வெளியமுக்கத்தைக் கணக்கிற் கொள்ளாமையே பிழை.

மனிதரை அளக்கும்போதும் இப்பிழை நேர்கின்றது. தோட்டத் தொழிலாளியின் குடியை அளப்போர் மானியின் எண்ணை மட்டுமே படிக்கின்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டமை, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் உறவினர் கடலின் இரு கரைகளுக்கும் பிரிக்கப்பட்டமை, தாம் வாழும் காம்பராவும் தமக்குரியதன்று என்ற நிலை, மழையிலும் பனியிலும் செங்குத்தான மலையில் நாள் முழுதும் நிற்கும் உடலின் சோர்வு, ஓய்வுநேரத்துக்குத் தவறணையைத் தவிர வேறு களமின்மை ஆகிய இவையே வெளியமுக்கம். இவற்றைக் கூறுவது குடிகாரனுக்கு மன்னிப்புக் கேட்பதாகாது. கடற்கரையில் ஒழுக்கமாக எளிதிற் கைகூடுவது மலையில் பெருமுயற்சியாக வேண்டியிருக்கின்றது என்பதே இதன் பொருள். ஆகவே அந்த மலையிற் குடியாமல் வாழ்ந்தோரின் ஒழுக்கம் பன்மடங்கு போற்றற்குரியது. குடித்தோரின் தவறு தனியே அவர்களுடையதன்று. 1927இல் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் தோட்டத் தொழிலாளரிடையே பேசியபோது குடியை விடுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் முழுமை பெற, அமுக்கத்தைக் குறைக்கும் கடமையும் அதனோடு சேர்தல் வேண்டும்.

சட்டத்தின் விளைவும் இவ்வாறே ஆராயற்பாலது. நொதித்தலுக்கு இயற்கையே ஓர் எல்லை வைத்துள்ளது. மதுசாரம் பெருகப் பெருக மதுவம் தானே செயலிழக்கும்; ஆகவே நொதித்த பானம் ஒரு மட்டத்துக்கு மேற் செல்லாது. அவ்வெல்லையை உடைப்பது வடித்தலாகும். மறைவிற் செய்பவனுக்குப் பியர் ஏற்றதன்று. அதற்கு நாள்கள் வேண்டும், தூய்மை வேண்டும், குளிரும் கலமும் வேண்டும், பொருளும் பருமன் மிக்கது. கசிப்போ சிறிய அளவில் மிகுந்த வெறி தரும். விரைவில் வடித்து விரைவில் மறைக்கலாம். கண்டுபிடிக்கப்படும் அச்சம், ஆக்குவோனை மென்மையானதிலிருந்து கடுமையானதற்கும், பொறுமையிலிருந்து அவசரத்துக்கும் தள்ளுகின்றது. அழுக்கான பானைகளும், கண்டபடி சேர்க்கப்படும் பொருள்களும் அவ்வவசரத்தின் பிள்ளைகள். பீப்பாவைத் திறந்த கூடத்தில் வைத்து இரண்டு வாரம் காத்திருக்க இயன்றவன் தன் பொருளுக்குப் பொறுப்பாளி. அதனை அயலாருக்குக் காட்டவும் அவனால் இயலும். காட்டைத் தேடி இரவில் வடிப்பவனிடம் யாரும் பொறுப்பை எதிர்பார்க்க முடியாது. தடை எல்லாவற்றையும் தூய்மையாக்கிவிடும் என எண்ணுவோர், மூடியை இறுக்கினால் உள்ளிருக்கும் நொதித்தல் நின்றுவிடும் என எண்ணுவோரை ஒப்பர்.

அவ்வாறாயின் வீட்டில் ஆக்குதலை எங்கும் அனுமதித்துவிடலே தீர்வா? அன்று. குடிவீட்டிலே பெண்ணின் சம்பளம் அவள் கையில் நிற்காதவரை, அனுமதி என்பது ஆணின் அனுமதியாகவே முடியும். மதுவை முற்றாக விலக்கியோரின் நெறியும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பௌத்தத்தின் ஐந்தாம் சீலமும் வள்ளுவர் குரலும் இந்நாட்டின் இரு மொழியாரையும் அப்பக்கம் அழைக்கின்றன. ஆனால் அந்நெறி தன்மேல் ஒருவன் விதித்துக்கொள்ளும்போது விரதமாகின்றது. வலியோன் மெலியோன்மேல் விதித்து, அதே வலியோன் தவறணையின் வரியையும் பெற்றுக்கொள்ளும்போது போலியாகின்றது. விரதத்தின் மதிப்பு, விரும்பினால் வேறுவிதமாகச் செய்திருக்கலாம் என்பதிலேயே தங்கியுள்ளது.

ஆகவே, வீட்டிலே பியர் ஆக்கிப் பீப்பாவில் அடைத்தல் இயல்பிலேயே தீயசெயலன்று. அதன் நன்மை தீமை அது நிகழும் வீட்டின் நிலையிலே தங்கியுள்ளது. அவ்வீட்டில் உழைப்போர் அனைவர்க்கும் தத்தம் உழைப்பின் பயன்மேல் உரிமை உண்டா, மறுக்க விரும்புவோர்க்கு மறுக்கும் இடம் உண்டா, ஆக்குவோன் அதனை வெளிச்சத்திற் செய்யவும் அதன் விளைவுக்குப் பதில் கூறவும் இயலுமா என்னும் மூன்று வினாக்களுக்கும் ஆம் என்ற விடை கிடைக்குமாயின், அவன் செய்வது தயிருக்கு உறையூற்றுவதினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. இல்லையென்ற விடை கிடைக்குமாயின், முதலில் திருத்த வேண்டியது பீப்பாவையன்று, வீட்டை. அந்த வீடு லயமாக இருக்கும்போது, அதனைத் திருத்தும் கடமை அதனுள் வாழ்வோருக்கு மட்டும் உரியதன்று. அவர்கள் பறித்த கொழுந்திலிருந்து பயன்பெற்ற நாட்டுக்கும், அம்மலைகளின் நிழலிற் கல்வி பெற்றோர்க்கும் உரியதாகும்.